எமகண்டத்துக்கு முன் ஒரு ப்ரன்ச்

பதினோரு மணிச் சாப்பாட்டுக்கு எந்த வயிற்றோடு வரவேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. காலைப் பலகாரம் என்றால் தாமதம், மத்தியானச் சாப்பாடு என்றால் அவசரம், இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் தொங்குகிற ஒரு வேளைக்கு ப்ரன்ச் என்று பேர் வைத்து, அதற்கு முன்கூட்டியே மேஜையும் சொல்லிவைத்து, பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பக்கத்துச் சந்தில் யாரோ குடியிருந்த வீட்டின் மாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று வத்சலா நினைத்தாள். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டாள். இன்றைக்கு அவள் எதையும் சொல்வதாக இல்லை. வாயைத் திறப்பதில்லை என்று பெற்ற மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள், அந்த மகள் தாரிணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரவேண்டியவர்கள் இரண்டு பேர், ஆதவன் என்கிற பையனும் அவனைப் பெற்ற சகுந்தலாவும். பெண் பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. சும்மா கேஷுவலா ஒரு ப்ரன்ச் ஆன்ட்டி, ரெண்டு ஃபேமிலியும் மீட் பண்ணிக்கலாம், அவ்வளவுதான் என்றான் அந்தப் பையன். பஜ்ஜி கிடையாது, கேசரி கிடையாது, விழுந்து கும்பிடுவது கிடையாது. ஆனால் அன்றைக்கே சகுந்தலா தனியாக ஃபோனில் கூப்பிட்டு, ஞாயித்துக்கெழம பன்னெண்டுல இருந்து எமகண்டங்க, அதுக்கு முன்னாடி பேச்சை முடிச்சுட்டா நல்லது என்றாள். ஆக, எமகண்டத்துக்கு முன்னால் முடிந்துவிடுகிற கேஷுவல். இதைச் சொல்லியிருந்தால் தாரிணி சிரித்திருப்பாள், போன வருஷத்துத் தாரிணியாக இருந்தால்.

எதிரில் அவள் புருஷன் தணிகாசலம் கைகளைக் கட்டிக்கொண்டு, ரயில் வரக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எங்கேயும் முன்னதாகப் போய் நிற்பது அவருடைய குணம், கல்யாண வீடாக இருந்தால் சமையல்காரர்கள் வருவதற்கு முன்னால் இவர் போயிருப்பார். கிச்சன் லெவனுக்குத்தான் ஓபன் ஆகும் சார் என்று ஏப்ரன் கட்டிய பெண் சொல்லி, தண்ணீரில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தண்ணீருக்கு வாசனை எதற்கு. கடல் பார்த்த மேஜை என்றார்கள். கடல் இருக்கத்தான் இருக்கிறது, இரண்டு அபார்ட்மென்ட்டுகளுக்கு நடுவில் ஒரு கதவிடுக்கு அளவுக்கு, நிற்கவைத்த தகரம் மாதிரி வெயிலில் பளபளவென்று கண்ணைக் குத்திக்கொண்டு. மீனவர் குப்பத்தில் இருக்கிறவனுக்கு முழுக்கடலும் சும்மா கிடைக்கிறது, இங்கே இந்த இடுக்குக்கு சர்வீஸ் சார்ஜ். வாய்க்குள் வந்த இதையும் வெள்ளரித் தண்ணீரோடு விழுங்கினாள். பசி இல்லை. காலையில் எழுந்து இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, தணிகாசலத்தின் சர்க்கரை மாத்திரைக்காக அவருக்கு வைத்து, அடுப்படியிலேயே நின்றபடி தானும் மூன்று தின்றுவிட்டுத்தான் வந்தாள். பதினோரு மணிவரைக்கும் வெறும் வயிற்றோடு போய்ச் சம்பந்தி முன்னால் உட்கார்ந்து ஆவென்று பார்ப்பார்களா. தாரிணி மட்டும் சாப்பிடவில்லை. சாப்பிட்டுட்டு வந்தா அது ப்ரன்ச்சே இல்லம்மா என்றாள். அவள் வயிறு இப்போது இரைவது பக்கத்தில் இருந்த வத்சலாவுக்குக் கேட்டது.

இடம் எது என்பதற்கே ஒரு வாரம் போனது. நீங்களே நல்ல இடமா சொல்லுங்க ஆன்ட்டி, பீச் பக்கமா இருந்தா அம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஆதவன் கேட்டபோது, கேட்டான் என்பதிலேயே அவள் பாதி விழுந்துவிட்டாள். அவளைக் கேட்டு யார் இடம் முடிவு பண்ணியிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாரம் இதே வேலையாக இருந்தாள். ஈ.சி.ஆர். பக்கம் நட்சத்திர ஹோட்டலில் பஃபே இருக்கிறது, ஆனால் அங்கே ஜனங்கள் தட்டில் கோபுரம் கட்டுவார்கள், சகுந்தலா பார்த்துவிட்டு இவங்க பகட்டு ஆளுங்க என்பாள். நீலாங்கரையில் தோட்டத்துக்குள் மேஜை போட்ட இடம் ஒன்று, அங்கே நாயைக் கூட்டிக்கொண்டு வந்து நாய்க்கும் தனித் தட்டு வாங்குகிறவர்கள் பக்கத்து மேஜையில் உட்காருவார்கள். பெசன்ட் நகர் சைவ ஹோட்டலில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்து உட்காரப் போகிறவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு நாம் எப்போது கையலம்புவோம் என்று பார்த்துக்கொண்டிருப்பான், அந்தப் பார்வையில் பெண்ணைக் கொடுப்பதா. கடைசியில் கொட்டிவாக்கத்தில் ஒரு இடம் பிடித்தாள். தரைத்தளம். வேப்பமரம். சகுந்தலாவுக்கு முட்டிவலி என்று தரகர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்ததால், படி இல்லாத இடமாகப் பார்த்து, நேரில் போய் நாற்காலியில் உட்கார்ந்துகூடப் பார்த்துவிட்டு வந்து அவனுக்கு மெசேஜ் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. சூப்பர் சாய்ஸ் ஆன்ட்டி, ஆனா அங்க பார்க்கிங் கஷ்டம், நான் வேற எடத்துல டேபிள் சொல்லிட்டேன். கீழே கைகூப்பின படம் ஒன்று. அதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. பார்க்கிங் கஷ்டம்தான். ஆனாலும் அந்தச் சொல்லிட்டேன் அவளுக்குள் மீன்முள் மாதிரி எங்கேயோ ஒரு ஓரத்தில் நின்றுகொண்டது, விழுங்கவும் முடியவில்லை, காட்டவும் முடியவில்லை. முட்டிவலிக்காரியை மாடிப்படி ஏற வைக்கிற இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறான் பார் என்று தாரிணியிடம் சொல்ல நினைத்து, சொன்னால் ஆரம்பிச்சுட்டியா என்பாளே என்று விட்டாள். "பார்க்கிங் தேடிட்டிருக்காங்களாம்" என்றாள் தாரிணி ஃபோனிலிருந்து நிமிராமல். வத்சலா உதட்டைக் கடித்துக்கொண்டு கடலிடுக்கைப் பார்த்தாள்.

வாக்கு என்றால் கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் இல்லை. நேற்றுச் சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுக்கும்போது, போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தாரிணி, "அம்மா, நாளைக்கு ஒரே ஒரு நாள் வாயத் தொறக்காம இரும்மா" என்றாள். "சாப்பிடக்கூடவாடி" என்றாள் இவள். "பாத்தியா, இதைத்தான் சொல்றேன்." போர்வையை மடித்து மடித்து இருவரும் கிட்டே வந்துவிட்டார்கள், அப்போது அவள் முகம் பக்கத்தில் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே வத்சலாவுடைய கருவளையமே இருந்தது, முப்பத்தொரு வயதுக்கு அது அதிகம். இதற்கு முன் இரண்டு இடம் வந்து போனது. முதலாவது பெருங்குடிப் பையன், கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போறதை நான் அலவ் பண்ணுவேன் என்றான் பெரிய மனசோடு. உங்க வீட்டுல உங்களை எதுக்கெல்லாம் அலவ் பண்றாங்க தம்பி என்று கேட்டாள் வத்சலா. அவர்கள் காபியைக் குடிக்காமலே போனார்கள், தாரிணி அடுப்படிக்குள் போய் விக்கல் வரும்வரை சிரித்தாள். இரண்டாவது இடத்தில் பையனுடைய அப்பா, பொண்ணு நல்லா சமைக்குமா என்றார். ஸ்டவ்வையும் சேர்த்து அனுப்பணுமா, உங்ககிட்ட இருக்கா என்றாள். அன்றைக்குத் தாரிணி சிரிக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். அதை வத்சலா கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நேற்று மாடியில் அவள் சொன்னாள்: "நீ சொன்னது தப்புன்னு நான் ஒருநாளும் சொல்லலம்மா. ரெண்டு தடவையும் நீதான் கரெக்ட். கரெக்டா பேசிட்டு நீ உன் வேலையப் பார்க்கப் போயிடற. தனியா இருக்கறது நான்." வத்சலா கிளிப்புகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள். அப்புறம் சரிடி என்றாள். அந்த ஒரு சரிதான் வாக்கு.

பேசாமல் இருப்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. கான்வென்ட்டில் தமிழில் பேசினால் கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவார்கள், அடுத்தவள் தமிழில் பேசி மாட்டும்வரை அதை மாட்டிக்கொண்டே திரியவேண்டும். வத்சலாவின் கழுத்திலிருந்து அது இறங்கியதே இல்லை, அவ்வளவு வாய். ஒருநாள் வீம்பாக, அட்டையும் வேண்டாம் உங்கள் இங்கிலீஷும் வேண்டாம் என்று காலையிலிருந்து மணியடிக்கும்வரை வாயே திறக்காமல் இருந்தாள், அன்றைக்கு சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டி, குட் கேர்ள் என்றாள். இரண்டு வருஷம் படித்த அந்தப் பள்ளியில் அவளுக்குக் கிடைத்த ஒரே குட் கேர்ள் அது. என்ன அருவருப்பாக இருந்தது. இப்போது பெற்றவளே கன்னத்தைத் தட்டுகிறாள், இல்லை, தான் பெற்றவளே. அது மட்டுமா. இன்னொன்றும் இருக்கிறது, அதைத் தொடுவதற்கு முன்னால் அவள் மனசு மேஜைமேல் இருந்த உப்புக்குடுவையை, காக்கா எச்சம் காய்ந்த கைப்பிடிச்சுவரை, தணிகாசலத்தின் காதில் வளர்ந்திருந்த முடியை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்தது: தாரிணி போய்விட்டால் வீட்டில் யாரிடம் பேசுவது. காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் செய்தி என்று இருக்கிற மனுஷரிடமா. பெண் பார்க்க வந்த அந்த இரண்டு பேரையும் அவள் துரத்தியது அவர்கள் மட்டமானவர்கள் என்பதாலா, இல்லை, வந்து நிற்கிற எவனும் மட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று முடிவு கட்டிவிட்டதா. இதை நினைத்ததும் தாரிணியின் முதுகைத் தடவிக்கொடுக்கத் தோன்றியது. தடவினால் என்னம்மா என்பாள். கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்தார்கள். ஆதவன் உயரம், நல்ல நிறம், முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, சிரித்த முகம். குறை சொல்ல ஒன்றுமில்லாதவனைப் பார்த்தால் வத்சலாவுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். சகுந்தலா ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்று, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. இளஞ்சிவப்புப் பட்டு, தோளில் பெரிய தோல் பை. புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது, அதைப் பற்றி இரண்டு வார்த்தை, பெசன்ட் நகர் முன்பெல்லாம் எப்படி இருந்தது என்று இரண்டு வார்த்தை, வெயில் பற்றி இரண்டு வார்த்தை. தணிகாசலம் தான் ஓய்வுபெற்ற ஆபீசின் பழைய கதையை எடுத்தார், ஆதவன் அதை முகம் கோணாமல் கேட்டான். வத்சலா சிரித்தாள், தலையாட்டினாள். சிரிப்பதும் தலையாட்டுவதும் இவ்வளவு சுலபமென்று தெரியாமல் இத்தனை காலம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தோமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்போது ஏப்ரன் கட்டிய பெண் வந்து மெனு அட்டைகளை ஆளுக்கொன்று நீட்டினாள். வத்சலா தன்னுடையதைப் பிரித்தாள். கூழைக் கிண்ணத்தில் ஊற்றி மேலே மாதுளம்பழம் தூவினால் அதற்கு ஒரு பேர், முட்டையை வெந்நீரில் உடைத்து ஊற்றினால் அதற்கு ஒரு பேர், பக்கம் முழுக்க இப்படியே. அவள் மூன்றாவது வரிக்கு வருவதற்குள் ஆதவன் அட்டையை மூடிவிட்டு அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "அம்மாவுக்கு ராகி பேன்கேக், சிரப் வேண்டாம். அங்கிளுக்கு மசாலா ஆம்லெட், பிரவுன் பிரெட். ஆன்ட்டிக்கும் ராகி பேன்கேக். எனக்கு எக்ஸ் பெனடிக்ட். தாரிணிக்கு அந்த மஷ்ரூம் டோஸ்ட், இங்க அதுதான் ஸ்பெஷல்." அட்டைகளை எல்லோர் கையிலிருந்தும் சிரித்தபடி வாங்கி அடுக்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தான். வத்சலாவின் கையிலிருந்ததையும். அவள் விரல்கள் இன்னும் மூன்றாவது வரியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

தாரிணி காளான் சாப்பிடமாட்டாள். குழந்தையிலிருந்தே ஆகாது. ஒருமுறை யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் பிரியாணிக்குள் தெரியாமல் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, வாயெல்லாம் நத்தை மாதிரி இருக்கும்மா என்று வத்சலாவின் புடவைத் தலைப்பிலேயே துப்பினாள். இவனுக்குத் தெரியாதா. மூன்று மாசமாக இரண்டு பேரும் ஃபோனில் பேசுகிறார்கள். சொல்லியிருப்பாளா, சொல்லி இவன் மறந்தானா, இல்லை சாப்பாட்டைப் பற்றியே பேசவில்லையா. மூன்று மாசம் பேசி, எது பிடிக்கும் எது பிடிக்காது என்று ஒருமுறைகூட வராமல் எதைப் பேசினார்கள். வத்சலா மகளைப் பார்த்தாள். தாரிணியின் உதடு கொஞ்சம் திறந்தது. எனக்கு மஷ்ரூம் வேண்டாம் என்று மூன்றே வார்த்தை, சொல்லிவிட்டால் அந்தப் பையன் ஓ சாரி என்று மாற்றிவிடுவான், அவ்வளவுதான் விஷயம். தாரிணி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை நேற்றுப் போர்வையின் மறுமுனையிலிருந்து வந்த அதே பார்வை: வேண்டாம்மா. உதடு மூடிக்கொண்டது. "கரெக்டா சொன்னீங்க தம்பி, எனக்கு ஆம்லெட்தான் இஷ்டம்" என்றார் தணிகாசலம், முகமெல்லாம் மலர்ந்து. அவரும் ஆதவனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், ஒரே ஊர்க்காரர்கள் வெளியூரில் சந்தித்துக்கொண்ட மாதிரி.

இந்தக் கடற்கரைதான், இதே எலியட்ஸ் பீச். கல்யாணமான இரண்டாம் வாரம். தள்ளுவண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு வந்தான், வத்சலா ஐஸ்க்ரீம் என்று வாயெடுப்பதற்குள், உனக்கு ஐஸ் வேண்டாம், சளி பிடிக்கும் என்று சொல்லி தணிகாசலம் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் சளியைப் பற்றி யோசிக்க உலகத்தில் ஒரு ஆள். ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டு, என்னை எப்படிப் பார்த்துக்கறார் தெரியுமா என்றாள். அப்புறம் புடவை வந்தது, எல்லாம் அவர் எடுத்தது, எல்லாம் பச்சை அல்லது பழுப்பு. பாதியில் நின்ற எம்.ஏ., அது உனக்கு ஸ்ட்ரெஸ் என்றார். எந்த டாக்டர், எந்தப் பேப்பர், எந்தக் கோயில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் வீடு. ஒருநாளும் அடித்ததில்லை. குரல் உயர்த்தித் திட்டினதில்லை. கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் இவள் நாக்கு இப்படி வளர்ந்திருக்குமா. கேட்காத வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது, சொல்லிச் சொல்லி அது கூராகிவிட்டது, இப்போது அதுவே எல்லோருக்கும் பெரிய உபத்திரவம். ஆனால் இது வேறாகவும் இருக்கலாம். பையன் உபசாரமாகச் சொல்லியிருக்கலாம், ஸ்பெஷல் என்றானே, தன் ஊர்ப் பண்டத்தை ருசிபார்க்கச் சொல்கிற மாதிரி ஒரு ஆசை. ஒரு டோஸ்ட்டை வைத்து ஒருத்தன் ஜாதகத்தைக் கணிக்கிற பைத்தியக்காரி நான். இரண்டு பேரைத் துரத்தினது போதாதா. இல்லை, பார்க்கிங். இல்லை, பார்க்கிங் கஷ்டம்தானே. இல்லை, மாடிப்படி. யோசனை செக்குமாடு மாதிரி அதே வட்டத்தில் போய் அதே கல்லில் இடறி மறுபடியும் போனது.

தட்டுகள் வந்தன. மேஜை நிறைந்துவிட்டது, சாப்பிட ஆளில்லை. ஆதவன், அது பொறுமையா சாப்பிடலாம், முதல்ல கடல் பாருங்க அங்கிள், அந்த மூலையில இருந்து முழுசாத் தெரியும் என்று தணிகாசலத்தையும் தாரிணியையும் மாடியின் கடைசி ஓரத்துக்குக் கூட்டிப்போனான். தாரிணி எழும்போது தன் தட்டைப் பார்க்கவில்லை என்பதை வத்சலா பார்த்தாள். மேஜையில் இரண்டு அம்மாக்களும் இரண்டு ராகி பேன்கேக்கும். சகுந்தலா முள்கரண்டியால் ஒரு துண்டைப் பிட்டு அந்தப் பக்கம் வைத்தாள், அந்தத் துண்டை மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். "வீட்டுல பொங்கல் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேங்க" என்றாள் மெதுவாக, மகன் திசையைப் பார்த்துக்கொண்டு. "அவன்கிட்ட சொல்லிடாதீங்க." வத்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிஜச் சிரிப்பு. "நாங்க இட்லி." சகுந்தலாவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஒரு நிமிஷம் அவளை வத்சலாவுக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு சகுந்தலா அந்தத் துண்டை வாயில் போட்டு, மென்று, தண்ணீர் குடித்தாள். "எனக்கு இந்தக் கேழ்வரகே ஆகாதுங்க. நெஞ்சக் கரிக்கும்." "சொல்லலாமே" என்றாள் வத்சலா, சொல்லிவிட்டோமே என்று திடுக்கிட்டு. "எப்படிங்க. அவன் எனக்கு நல்லதுன்னு பார்த்துப் பார்த்து வாங்கறான். அவங்கப்பாவும் அப்படித்தான். கேக்கமாட்டார், ஆனா நல்லதுதான் செய்வார்." இன்னொரு துண்டு. "மொதல்ல ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் நமக்கு என்ன புடிக்கும்ங்கறதே மறந்துபோயிடும், நிம்மதி."

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. மாவு புளிக்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்கிற மாதிரி, ஒரு தகவலாகச் சொன்னாள். இதோ, இப்போது, தாரிணி காதில் விழாத தூரத்தில் இருக்கிறாள். எதிரே இருப்பவள் கெட்டவள் இல்லை. அம்மா என் பொண்ணு காளான் சாப்பிடமாட்டா, உங்க பையன் அவளைக் கேட்கக்கூட இல்லை, இது எனக்குச் சரியாப்படலை என்று நிதானமாக, குத்தாமல், நல்ல தமிழில் சொல்லிவிடலாம். இந்தம்மாவுக்குப் புரியும், வேறு யாருக்கும் புரியாவிட்டாலும். புரிந்து பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அதற்கப்புறம் மூன்றாவது இடமும் போச்சு என்று தணிகாசலம் காரில் பெருமூச்சு விடுவார், தாரிணி முகம் கழுவிக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறப்பாள், நீதாம்மா கரெக்ட் என்பாள். வத்சலாவுக்கு முதன்முறையாக, கரெக்டாக இருப்பதற்குப் பயமாக இருந்தது. தான் பார்ப்பது ஆதவனையா தணிகாசலத்தையா என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பது வருஷத்து எரிச்சலை எடுத்து எவன் முகத்தில் வேண்டுமானாலும் பூசலாமே. ஓரத்தில் நின்றுகொண்டிருந்த தாரிணி ஏதோ சொல்லிச் சிரித்தாள், நிஜமான சிரிப்புத்தான், காற்றில் அவள் குட்டை முடி முகத்தில் விழுந்தது, அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு எத்தனை நாளாகிறது. "ஆமாங்க" என்றாள் வத்சலா சகுந்தலாவிடம்.

அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். "தாரிணி, சூடா இருக்கும்போதே சாப்பிடு, ஆறிட்டா வேஸ்ட்" என்றான் ஆதவன், ஆதரவான குரலில்தான். அவள் சாப்பிட்டாள். முதல் வாயை மெல்லும்போது கழுத்து நரம்பு ஒன்று அசைந்தது, கண் ஒருமுறை அகன்று சரியானது, தண்ணீர் டம்ளரை எடுத்தாள். இரண்டாவது வாய்க்குத் துண்டைச் சின்னதாக நறுக்கினாள். கத்தியையும் முள்கரண்டியையும் எவ்வளவு அழகாகப் பிடிக்கிறாள், அது வத்சலா கற்றுக்கொடுத்தது. எப்படி இருக்கு என்றான். நல்லா இருக்கு என்றாள். சொன்னேன்ல என்றான். சகுந்தலா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், அவன் தலையசைத்தான். அவள் பையைத் திறந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். "நேரம் நல்லா இருக்குங்க. எங்களுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு. பூ வச்சுட்டா மனசு நிறைஞ்சுடும்." கேஷுவல் ப்ரன்ச்சுக்கு மல்லிகைப்பூவோடு வந்திருக்கிறார்கள், அம்மாவும் பிள்ளையும் முன்பே முடிவு செய்துகொண்டு வந்த விஷயத்துக்குத்தான் இவ்வளவு தட்டுகள். சகுந்தலா எழுந்து தாரிணியின் பின்னால் போய் நின்றாள். குட்டை முடியில் பூ நிற்கவில்லை. ஒருமுறை வைத்தாள், வழுக்கியது, இன்னொருமுறை. கடைசியில் தன் கொண்டையிலிருந்தே ஒரு ஊசியை உருவி அழுத்திக் குத்தினாள், தாரிணி லேசாகக் கண்ணைச் சுருக்கினாள். பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரி ஃபோனை எடுத்துப் படம் பிடித்தாள். "பொண்ணைவிட எனக்கு அவங்கம்மாவைத்தான் ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள் சகுந்தலா தணிகாசலத்திடம். "என்னென்னமோ சொன்னாங்க தரகரு. எவ்வளவு அமைதியான மனுஷி." வாய் என்று ஒன்று இருந்தது வத்சலாவுக்கு, அதைத்தான் இன்றைக்குச் சீராகத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாள், இனிமேல் அதைத் திருப்பிக் கேட்க முடியாது, வளைகாப்பு, பேர் வைப்பது, எல்லாவற்றுக்கும் இந்த அமைதியான மனுஷிதான் போய் உட்காரவேண்டும். "நீங்க ஒண்ணுமே சொல்லலையே சம்பந்தி" என்றாள் சகுந்தலா. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தாரிணியும் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அந்தக் கண்ணைப் படித்தவள் வத்சலா, பால் வேண்டுமா, வயிறு வலிக்கிறதா, பொய் சொல்கிறாயா, எல்லாம் படித்தவள். இப்போது அதில் எழுதியிருந்தது தெரியவில்லை. சொல்லாதே என்று கெஞ்சியதா, சொல்லேன் என்று கெஞ்சியதா. "ரொம்ப சந்தோஷங்க" என்றாள்.

காரில் தணிகாசலம் ஓட்டினார், அம்மாவும் மகளும் பின்னால். கண்ணாடி ஏற்றியிருந்ததால் பூ வாசனை வண்டி முழுக்க அடைத்துக்கொண்டு தலைவலி வரும்போல் இருந்தது. தாரிணி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், வாயை ஒரு டிஷ்யூவால் துடைத்துக்கொண்டே இருந்தாள். தேங்க்ஸ்மா என்று சொல்வாள் என்று வத்சலா காத்திருந்தாள். அடையாறு சிக்னலில் வண்டி நின்றபோது அவள், "காளான்மா அது" என்றாள். "பார்த்தேன்." "பார்த்தியா?" "ம்." தாரிணி திரும்பினாள். "அப்புறம் ஏம்மா ஒண்ணுமே சொல்லலை?" கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. நீதானேடி சொல்லாதேன்னே என்பது நாக்கு நுனியில் இருந்தது, கூராக, கச்சிதமாக, கரெக்டாக. வத்சலா அதைச் சொல்லவில்லை. "நீ ஏன் சொல்லலை?" என்று கேட்டாள், மெதுவாக. தாரிணி யோசித்தாள். "நீ சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றாள். "நீ சொன்னா, அவன் எப்படி எடுத்துக்கறான்னு பார்த்துக்கலாம்னு. எனக்கா அது வரலை. ஒரு டோஸ்ட்தானேன்னு தோணிச்சு." பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. முன்சீட்டில் ஆம்லெட்டின் திருப்தியோடு அந்தக் கழுத்து நிமிர்ந்து இருந்தது. இதைச் சொல்வதென்றால் அந்தக் கழுத்துக்கும் கேட்கும்படிதான் சொல்லவேண்டும், அதை இதுநாள்வரை குத்தலாகச் சொல்லியிருக்கிறாளே தவிர ஒருமுறையும் நேராகச் சொன்னதில்லை. "தாரிணி, உங்கப்பாகிட்ட ஒண்ணு கேளு" என்றாள். "என்ன?" "எனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்னு கேளு." தாரிணி அம்மாவைப் பார்த்தாள், கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" தணிகாசலம் ஒரு ஆட்டோவுக்கு ஹார்ன் அடித்து வழி வாங்கினார். "இதென்ன கேள்வி" என்றார், பெருமையாகவே. "உங்கம்மாவுக்கு எல்லாமே பிடிக்கும். அந்த விஷயத்துல அவளைக் குறை சொல்லவே முடியாது." பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை. தாரிணியின் மடியில் ஃபோன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு, முடியிலிருந்த ஊசியைத் தேட ஆரம்பித்தாள்.